சீனத் தூபக்காலும் தேனவரை நாயனாரும்

சீனாவின் பழந்தூபக்கால்களைச் சேகரிப்பதைப் பற்றி அய்யம்பாளையத்தில் இருந்துகொண்டு எழுதுவானேன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மருதாநதி அணை, தென்னந்தோப்பு, தாண்டிக்குடிக்கு ஏறும் மலைப்பாதை, இவ்வளவுதான் இந்த ஊர். ஏலக்கூடமோ அருங்காட்சியகமோ இங்கே கிடையாது. ஆனால் அந்தப் பாத்திரத்துக்குள் போடுகிற பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பாருங்கள். தணலுக்கு நம் தோப்புச் சிரட்டைக் கரி போதும். அதன்மேல் தூவும் கருங்குங்கிலியம், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் ஓங்கி நிற்கும் ஒரு மரத்தின் பிசின். சாம்பிராணி சுமத்ராத் தீவு மரம் ஒன்றின் பால். அகில் அதற்கும் கிழக்கேயிருந்து வந்தது. தமிழ்க் கடற்கரையையும் தென்சீனத் துறைமுகங்களையும் பல நூற்றாண்டுகள் ஒரே வியாபார வளையத்துக்குள் வைத்திருந்த சரக்குகளில் இவை முக்கியமானவை. சீனத் தூபக்காலை விலையுயர்ந்த அந்நிய அலங்காரச் சாமானாக மட்டும் பார்க்கிற பழக்கம் நம்மிடமும் உண்டு, அதைச் சேகரிப்பவர்களிடமும் உண்டு. அது தவறு என்பதுதான் என் கட்சி. அடியில் பொறித்த அரச முத்திரைக்கும் மூடிமேல் உட்கார்ந்திருக்கும் சிங்கத்துக்கும் கொடுக்கிற மதிப்பில் பாதியையாவது, அது எதை எரித்தது, எங்கெல்லாம் போனது, எந்தத் தெய்வத்தின் முன்னால் நின்றது என்ற கேள்விகளுக்குக் கொடுக்க வேண்டும்.

முதலில் முத்திரையின் கதை. சேகரிப்பாளர்கள் வட்டாரத்தில் அதிகம் அடிபடும் பெயர் சுவாந்த. மிங் வம்சத்தில் 1426 முதல் 1435 வரை ஆண்ட பேரரசரின் ஆட்சிப் பெயர் அது. சயாம் நாட்டிலிருந்து வந்த அருமையான செம்பைக் கொண்டு 1428-இல் அவர் ஆயிரக்கணக்கில் தூபக்கால்கள் வார்க்கச் சொன்னார் என்றும், உலோகத்தைப் பலமுறை உருக்கிச் சுத்தம் செய்தார்கள் என்றும் மரபுக் கதை. அந்த வார்ப்பு வேலையைப் பட்டியலிடும் நூல் ஒன்றும் இருக்கிறது. ஆனால் அந்த நூல் சொல்லப்படும் காலத்துக்கு வெகு பின்னால் தொகுக்கப்பட்டதாகத்தான் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் பலர் ஐயப்படுகிறார்கள். இன்று உலகச் சந்தையில் ‘மாபெரும் மிங் சுவாந்த ஆட்சியில் செய்தது’ என்று ஆறு எழுத்தில் அடியில் பொறித்த தூபக்கால்கள் எக்கச்சக்கம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை மிங்கின் கடைசிக் காலத்திலோ, அதற்குப் பின் வந்த சிங் காலத்திலோ, இருபதாம் நூற்றாண்டிலோ வார்த்தவை. இதுதான் அசல் என்று எல்லா வல்லுநரும் ஒரே குரலில் ஒப்புக்கொள்ளும் ஒன்றைக் காட்டுவதே கஷ்டம். ஆக, முத்திரையை வைத்து வயதைச் சொல்ல முடியாது. அதற்காக அவை எல்லாம் மோசடி என்று தள்ளிவிடவும் முடியாது. முன்னோர் காலத்து முத்திரையைப் பின்வந்தவன் பொறிப்பது சீனாவில் பலசமயம் மரியாதையாகச் செய்யப்பட்டது. பழைய வெண்கலச் சடங்குப் பாத்திரங்களையும் சோங் காலப் பீங்கானையும் பார்த்து மிங் கைவினைஞன் வடித்தான். அவனைப் பார்த்துச் சிங் காலத்தவன் வடித்தான். நம் ஸ்தபதிகளும் சோழர் கால நடராஜரைத்தான் இன்றுவரை வார்க்கிறார்கள், அதற்காக சுவாமிமலையை யாரும் கள்ளப்பட்டறை என்று சொல்வதில்லை. வாங்குகிறவன் தலையில் நூற்றாண்டுகளைக் கூட்டிக் கட்டும்போதுதான் அது மோசடி ஆகிறது.

முத்திரை கைவிட்டால் வடிவம் பேசும், அதில் பொதிந்த குறியீடுகள் பேசும் என்பார்கள். பேசும்தான். ஹான் காலத்து ‘போஷான்’ தூபக்கால் மலை வடிவானது. குவிந்த மூடி முழுக்கச் சிகரங்கள், இடையிடையே விலங்குகள், வேடர்கள். பாறை மடிப்புகளுக்குள் ஒளித்து வைத்த துளைகளின் வழியே புகை கசியும்போது, விடியலில் தாண்டிக்குடி மலைமேல் மேகம் ஊர்கிற மாதிரி இருக்கும். கடலுக்கு நடுவே சாவில்லாதவர்கள் வாழும் மலைத்தீவு ஒன்று உண்டு என்ற நம்பிக்கையின் உருவம் அது என்று விளக்குவார்கள். 1968-இல் ஹெபெய் மாகாணம் மான்செங்கில் குன்றைக் குடைந்த கல்லறை ஒன்று திறக்கப்பட்டது. கி.மு. 113-இல் இறந்த சிற்றரசர் லியூ ஷெங்கின் கல்லறை அது. அங்கே கிடைத்த பொன்னிழை பதித்த மலைத் தூபக்கால், சுமார் 26 செ.மீ. உயரந்தான், இந்த வகையின் உச்சம் எனலாம். மலையும் மேகமும் சாவாமையும், எல்லாம் சரி. ஆனால் ஏன் அந்தக் காலத்தில் இந்த வடிவம்? அதற்கு முன் சீனாவில் எரித்தது பெரும்பாலும் உள்நாட்டு மணப்புற்கள். புல்லைத் திறந்த தட்டில் எரித்தாலே போதும். பிசினும் மணக்கட்டையும் அப்படியில்லை. அவற்றுக்குக் கீழே தணல் வேண்டும், சூட்டை அடக்கும் ஆழமான கிண்ணம் வேண்டும், புகையைக் கொஞ்சங்கொஞ்சமாக விடும் மூடி வேண்டும். 1983-இல் குவாங்சோ நகரில் கண்டுபிடிக்கப்பட்ட நான்யுவே அரசரின் கல்லறையில், கி.மு. 122 வாக்கில் புதைத்தது, தூபக்கால்களோடு கூடவே குந்திரிக்கம் போன்ற பிசினும் கிடைத்திருக்கிறது. தெற்குக் கடல் வழியே அயல்நாட்டு வாசனைச் சரக்கு வரத் தொடங்கியதும் பாத்திரமும் ஆழமாகி மூடி போட்டுக்கொண்டது என்று கொள்வதில் தவறில்லை. சாவாமைத் தீவின் கற்பனை அந்த மூடிக்கு அழகு கொடுத்தது. மூடியைத் தேவையாக்கியது கப்பலில் வந்த பிசின்.

அந்தக் கப்பல்களில் தமிழர் இருந்தார்களா? பிற்காலத்தில் நிச்சயமாக இருந்தார்கள், கல்லிலேயே ஆதாரம் இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற ஊர். கர்ப்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் உலகப் பெயர் பெற்ற துறைமுகம். அதன் பக்கத்தில் லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவுடையது. சரக்கு விளையும் இடத்திலேயே நம்மவர் கடை போட்டிருந்தார்கள் என்று பொருள். மறுமுனையில், சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டு சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளுவித்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதே சுவான்சோ விரிகுடாச் சேற்றிலிருந்து 1974-இல் தோண்டி எடுத்த சோங் காலக் கப்பலில் மிளகும் குந்திரிக்கமும் இருந்தன, அவற்றோடு இரண்டு டன்னுக்கு மேல் மணக்கட்டைகள். சோழ அரசு அனுப்பி 1015-இல் சீனப் பேரரசரிடம் போய்ச் சேர்ந்த தூதுக்குழுவின் காணிக்கையிலும் முத்து, யானைத்தந்தம் இவற்றோடு குந்திரிக்கம் உண்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையைப் படித்தவர்களுக்கு, அகிலும் ஆரமும் கர்ப்பூரமும் கப்பலேறி வந்த செய்தி புதிதாக இருக்காது. சீனத் தூபக்கால் ஒன்றைக் கையில் எடுக்கிற தமிழர், தன் முன்னோர் சரக்கு அனுப்பிய பாத்திரத்தை எடுக்கிறார் என்று சொன்னால் அது மிகையில்லை.

இதையெல்லாம்விட நேரடியான சாட்சி காலியில் கிடைத்தது. இலங்கையின் தென்கரைக் காலி நகரத்தில் 1911-இல் ஒரு பொறியாளர், வடிகாலுக்கு மூடியாகப் போட்டிருந்த பலகைக்கல்லைப் புரட்டிப் பார்த்தார். எழுத்திருந்த முகம் கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. மிங் பேரரசர் யோங்லேயின் பெயரால் 1409-இல் நான்ஜிங்கில் வெட்டி, தளபதி செங் ஹெயின் கப்பற்படையில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தென்முனையில் கோயில் கொண்டிருந்த தேனவரை நாயனாருக்கு, அதாவது திருமாலுக்கு. மிகவும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாமிய வழிபாட்டு இடத்துக்கு. சீனப் பகுதியில் உள்ள பட்டியலைப் பாருங்கள்: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டுகள், பழைய வெண்கலத் தூபக்கால்கள், வெண்கலப் பூச்சாடிகள், விளக்குத் தண்டுகள், அரக்குப் பூசிப் பொன்வேலை செய்த தூபப் பெட்டிகள், மணத்தைலம், சந்தனம். மற்ற இரு மொழிகளிலும் காணிக்கை ஏறத்தாழ இதே அளவில், இதே வகையில் போகிறது. சீனப் பலிபீடத்தில் நடுவே தூபக்கால், இருபுறம் விளக்குத்தண்டும் பூச்சாடியும் வைப்பது வழக்கம். அந்த வரிசையைத்தான் பேரரசு அப்படியே தூக்கி அயல்நாட்டுத் தெய்வங்களின் காலடியில் வைத்தது. அதிலும் ‘பழைய’ என்ற அடைமொழியைக் கவனியுங்கள். 1409-இலேயே பழம்பாத்திரத்துக்கு மவுசு இருந்திருக்கிறது, சேகரிப்புப் பித்து நம் காலத்துக் கண்டுபிடிப்பில்லை. பேரரசின் அடையாளமாகிய டிராகன் சிம்மாசனத்தைக் கோயிலுக்குக் கொடுக்க முடியாது. சீனத் தெய்வச் சிலையைக் கொடுத்தால் பெருமாள் சன்னதியில் வைக்க மாட்டார்கள். தூபக்காலை எந்தச் சன்னதியிலும் வைக்கலாம். அதனால்தான் அது கப்பல் ஏறியது.

இந்த இடத்தில் வரும் ஆட்சேபம் லேசானதில்லை. செங் ஹெ புகை போட வந்தவரா, படை கொண்டு வந்தவரா? இரண்டும்தான். அடுத்த இரண்டு ஆண்டுக்குள், 1411-இல், இலங்கையில் அதிகாரம் செலுத்திய அழகேசுவரனை அவர் போரில் பிடித்து மிங் தலைநகருக்குக் கொண்டுபோனார். ஒரு கையில் தூபக்கால், மறு கையில் வாள். இதைச் சமய நல்லிணக்கத்தின் பொற்காலம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தைக் குலைப்பதற்குப் பதிலாக வலுப்படுத்துகிறது. கணக்குப் பார்க்கத் தெரிந்த பேரரசு, எதிராளி மறுக்க முடியாத பரிசைத்தான் தேர்ந்தெடுக்கும். தூபக்கால் அப்படிப்பட்ட பரிசாக இருந்தது என்பதே அதன் பண்பாட்டு எடை எங்கே இருந்தது என்று காட்டிவிடுகிறது. அரபு எழுத்து பொறித்த சீன வெண்கலத் தூபக்கால்கள் ஒரு தனி வகையாகவே இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிங் பேரரசர் செங்டேயின் காலத்தில், அதாவது 1506 முதல் 1521 வரை, அரபும் பாரசீகமும் எழுதிய பீங்கானும் வெண்கலமும் நிறையச் செய்தார்கள். அதே எழுத்துகளோடு பிற்காலத்தில் வார்த்தவையும் ஏராளம். பேரரசரின் அரியணைக்கு இருபுறமும் வைத்த தூபக்கால்களில் ‘லுதுவான்’ என்ற புராண விலங்கின் உருவம் உண்டு. உலகத்து மொழியெல்லாம் அதற்குத் தெரியுமாம். இந்தக் கற்பனையைச் செய்தவனுக்கு, தான் வார்க்கிற பாத்திரத்தின் சுபாவம் தெரிந்திருக்கிறது.

‘பழனிப் பக்கத்து ஆள் போகரைச் சொல்லாமல் போகலாமா’ என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நவபாஷாணச் சிலை செய்தவர், சீனம் போய்வந்தவர், ஏன், சீனரேதான் என்றெல்லாம் நம் வட்டாரத்தில் சொல்வார்கள். அவர் சமாதி பழனி மலைமேலேயே இருக்கிறது, வழிபடுகிறவர் வழிபடட்டும். வரலாற்று ஆதாரமாக அதை நான் எடுப்பதாக இல்லை. கல்வெட்டும் கப்பலும் கையில் இருக்கும்போது ஐதீகத்தைக் கடன் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

இனி, தூபக்காலுக்குள் தங்கும் சாம்பலுக்கு வருகிறேன். சீனக் கோயில்களில், குறிப்பாகக் கடல்தெய்வம் மாசுவின் கோயில்களில், புதிதாக ஒரு கோயில் தொடங்குகிறவர்கள் மூலக்கோயிலின் தூபக்காலிலிருந்து சாம்பலை எடுத்துவந்து தங்கள் தூபக்காலில் இடுவார்கள். அதன்பின் இது அதன் கிளை. ஆண்டுதோறும் தாய்க்கோயிலுக்குப் போய் உறவைப் புதுப்பித்து வருவதும் உண்டு. நமக்கு இது புரிய விளக்கமே வேண்டாம். குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்து வந்து, குடியேறிய ஊரில் கோயில் கட்டுகிற வழக்கம் தென்மாவட்டங்கள் முழுக்க இருக்கிறது. மண் செய்கிற வேலையை அங்கே சாம்பல் செய்கிறது. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1870-இல் தோன்றிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும், 1884-இல் வந்த குவான் இம் கோயிலும் அருகருகே நிற்கின்றன. குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அவர்களுக்காகவே பெரிய தூபக்கலயம் வாசலில் இருக்கிறது. காலிக் கல்லில் எழுதியதை, படையும் பேரரசும் இல்லாமல், சாதாரண ஜனங்கள் இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறார்கள். இப்போது ஏலக்கூடத்து மேசையைப் பாருங்கள். தூபக்காலைக் கவிழ்த்துச் சாம்பலைக் கொட்டி, துடைத்து, அடி முத்திரை தெரியும்படிப் படம் எடுக்கிறார்கள். எந்தப் பொருளால் அது ஒரு கோயிலின் வேராக இருந்ததோ அதைத்தான் முதலில் குப்பையில் போடுகிறார்கள்.

கோயில் தூபக்காலும் அறிஞர் மேசைமேல் இருந்த தூபக்காலும் ஒன்றா, இரண்டையும் போட்டுக் குழப்புகிறாயே என்று விஷயம் தெரிந்தவர்கள் மடக்கலாம். மிகச் சரியான மடக்கு. சுவாந்த பாணியில் வந்தவற்றில் பெரும்பகுதி படிப்பறைக்கு உரியது. உள்ளங்கையில் அடங்கும், சிங்கமோ டிராகனோ இருக்காது. திரண்ட வயிறு, இரண்டு காது, மூன்று குட்டைக் கால், அவ்வளவுதான். மிங் ரசிகர்கள் அதன் உலோகத்தின் நிறத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆகவே சேகரிப்பும் ரசனையும் மேல்நாட்டு ஏலக்கூடம் கொண்டுவந்த நோய் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அது பொய். ஆனால் அந்த ரசிகர்கள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள்? கிண்ணத்தில் மெல்லிய சாம்பலை நிரப்பி, தணலை அதற்குள் புதைத்து, மேலே அப்ரகத் தகட்டை வைத்து, அதன்மேல் அகில் துண்டை இட்டார்கள். புகையே வராது, வாசனை மட்டும் வரும். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி போட்டு மூலைமுடுக்கெல்லாம் புகையை நிறைக்கிற வழக்கத்துக்கு நேர் எதிர். இங்கேயும் சாம்பல்தான் படுக்கை, அது இல்லாவிட்டால் கருவியே வேலை செய்யாது. அவர்கள் கொண்டாடிய அந்த நிறமும் வருடக்கணக்கில் சாம்பலுக்குள் மெல்லிய சூடு காத்து, கையால் தடவித் தடவி வரவழைத்தது. பயன்படுத்திக்கொண்டே ரசித்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது பின்னால் வந்த பழக்கம்.

இன்னொரு ஆட்சேபம் நம் மரபிலிருந்தே எழும். திருக்கடவூர்க் குங்கிலியக் கலயநாயனார், நெல் வாங்கச் சொல்லி மனைவி கழற்றிக் கொடுத்த தாலிக்குக் குங்கிலியம் வாங்கி இறைவனுக்குத் தூபம் இட்டவர். அந்தக் கதையில் எந்தப் பாத்திரத்தில் எரித்தார் என்று யாரும் கேட்பதில்லை. புகைதான் முக்கியம் என்றால் பாத்திரத்தைச் சேகரிப்பானேன்? உண்மையில், தூபக்காலை நாம் மதிக்காமல் விட்டதற்கு இந்த மனப்பான்மையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கைப்பிடியும் கிண்ணமுமாக, அடியில் ஆமையோ மேலே நாகமோ வைத்த பழைய வீட்டுத் தூபக்கால்கள் பழைய பித்தளை என்று எடைக்குப் போய்விட்டன. இப்போது அட்டைப்பெட்டியில் கப் சாம்பிராணி வருகிறது, பாத்திரமே வேண்டாம், எரிந்து முடிந்ததும் கிண்ணமும் சாம்பலோடு போய்விடும். வசதிதான். ஆனால் பல தலைமுறை புகையைத் தாங்கிய ஒரு பொருள், மூன்று கிலோ பித்தளை என்ற கணக்கில் முடிவதில் எனக்குச் சம்மதமில்லை. புகை கரைந்துபோகிறது, அது எரிந்ததற்கு மிஞ்சும் ஆவணம் பாத்திரம் மட்டுமே. கலயநாயனாருக்கு ஆவணம் தேவைப்படவில்லை, வரலாறு படிக்கிறவனுக்குத் தேவைப்படுகிறது.

கடைசியாக ஒரு சங்கடம். பயன்பாட்டின் தடயத்துக்குத்தான் மதிப்பு என்று சொல்லச் சொல்ல, கோயிலில் இருந்ததற்குத்தானே விலை ஏறும்? விலை ஏறினால் திருட்டும் ஏறும். 1966-க்குப் பின் கலாசாரப் புரட்சியில் சீனக் கோயில்களின் வெண்கலம் எவ்வளவோ உருக்கப்பட்டது, எவ்வளவோ கைமாறியது. நம்மிடம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய் 2014-இல்தான் திரும்பினார். சிலைத்திருட்டைத் தடுக்கத் தமிழகக் காவல்துறையில் 1983-இலேயே தனிப்பிரிவு தொடங்க வேண்டியிருந்தது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது: ஒரு சமூகம் பொதுவில் வணங்கிய இடத்தின் தூபக்காலை, அது சீனக் கோயிலோ அம்மன் கோயிலோ, தனிமனிதர் வாங்கக் கூடாது. மலிவாகக் கிடைத்தாலும், ரசீது இருந்தாலும். வீட்டுப் பூசையிலும் படிப்பறையிலும் இருந்தவை வேறு. அவை குடும்பத்தார் விற்க உரிமையுள்ளவை, எண்ணிக்கையிலும் அதிகம். நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் விடாது என்பதையும் வாங்குமுன் நினைவில் வையுங்கள்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வீட்டுச் சாமான்களைத் தேட வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை விட்டால் வேறு நல்ல இடம் தெரியவில்லை. பர்மா, மலாயா, சைகோன் என்று கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் வீடுகளிலிருந்து அரக்குக் கூடைகளும் எனாமல் தூக்குகளும் வந்து குவிந்த தெரு அது. அங்கே ஒரு சீனத் தூபக்கால் கண்ணில் பட்டால் கவிழ்த்துப் பார்ப்பதற்கு முன் உள்ளே பாருங்கள். சூடு பட்டுக் கறுத்த வட்டம் இருக்கிறதா, மூலையில் இறுகிய சாம்பல் ஒட்டியிருக்கிறதா, கால் உடைந்து யாராவது பற்ற வைத்திருக்கிறார்களா, எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது, எந்தத் துறைமுகத்திலிருந்து அந்த வீட்டுக்கு வந்தது. பினாங்கிலிருந்து தேவகோட்டைக்கு வந்து இரண்டு தலைமுறை சாம்பிராணி கண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாத்திரம் ஒன்று, பெட்டியை விட்டு வெளியே வராத அசல் மிங் தூபக்காலைவிட எனக்கு மேலானது. வாங்கி வந்து புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடாதீர்கள், தேய்த்தால் அந்த இரண்டு தலைமுறையும் போச்சு. அடியில் சுவாந்த முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்தில் பொறித்ததாகத்தான் இருக்கும். அதைக் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.